ஆர்.வி.க்குள் 12 வோல்ட் விளக்குகளை மங்கலாக்குவது எப்படி: டிம்மர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவிலோ கனடாவிலோ டிராவல் டிரெய்லர், மோட்டார்ஹோம் என்று ஏதாவது ஆர்.வி. (உள்ளேயே தங்கிக்கொள்ளும் வண்டி) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். கூரையில் எட்டுப் பத்து வட்ட எல்.இ.டி. விளக்குகள், அத்தனைக்கும் கதவோரம் ஒரே ஒரு சுவிட்ச். போட்டால் கண் கூசுகிறது, அணைத்தால் கும்மிருட்டு. குழந்தை தூங்கிவிட்டது, ஒருவர் கொஞ்ச நேரம் படிக்க வேண்டும், இன்னொருவர் பாத்திரத்தைக் கழுவி வைக்க வேண்டும், இருபத்தைந்து அடி நீளமுள்ள ஒரே அறையில் இத்தனையும் நடக்க வேண்டும் என்றால் ஊரில் எரியும் ஜீரோ வாட் பல்பு அளவுக்காவது வெளிச்சத்தை இறக்க ஒரு வழி தேவைப்படுகிறது.

வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் டிம்மரை வாங்கிவிடுகிறார்கள், அப்புறம்தான் அது தங்கள் வண்டியில் ஏன் வேலை செய்யவில்லை என்று தேட ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் டிம்மர்தான் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: உங்கள் பல்புக்குள் என்ன இருக்கிறது, உங்கள் விளக்கின் நெகட்டிவ் வயர் எங்கே போகிறது. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் மீதி வேலை ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வீட்டுச் சுவரில் போடும் டிம்மரை எடுத்து இங்கே மாட்டாதீர்கள். அது ஏ.சி. மின்சாரத்துக்கானது. உள்ளே இருக்கும் ட்ரையாக் என்ற பாகம் ஒருமுறை திறந்தால், மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடும்போதுதான் மூடும். ஏ.சி.யில் இது நொடிக்கு 120 தடவை தானாக நடக்கிறது. பேட்டரியிலிருந்து வரும் டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை, அதனால் ஒன்று விளக்கு எரியவே எரியாது, அல்லது முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றுவிடும். பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? சுவரில் பெரிய பெட்டியாக இருக்கும், கை வைத்தால் சுடும். அந்த ரெசிஸ்டர் முறையை டி.சி.யில் பயன்படுத்த முடியும், பழைய கார் டாஷ்போர்டு விளக்குகளில் அப்படித்தான் இருந்தது. ஆனால் எல்.இ.டி.க்கு அது சரிவராது, மரப்பலகைக்கும் நுரைக்கும் நடுவில் சூடாகும் ஒரு பொருளை ஒளித்து வைப்பதும் நல்லதல்ல.

டி.சி.க்கு உரியது பி.டபிள்யூ.எம். டிம்மர். மின்சாரத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான தடவை போட்டு அணைத்து, போட்டிருக்கும் நேரத்தின் பங்கைக் கூட்டிக் குறைப்பதுதான் அதன் வேலை. கண்ணுக்கு அது மங்கலாகத் தெரியும், டிம்மரும் பெரிதாகச் சூடாகாது.

பல்புக்குள் என்ன இருக்கிறது

பழைய வண்டி என்றால் இழை பல்புகள் இன்னும் இருக்கலாம். 1141, 1156, 921 என்ற எண்கள் பல்பின் அடியில் அச்சாகியிருக்கும். 1141, 921 இரண்டும் சுமார் 1.4 ஆம்பியர் இழுப்பவை, 1156 இரண்டு ஆம்பியருக்கு மேல். இவை எந்த டிம்மரிலும் அழகாக மங்கும், மங்க மங்க நிறமும் செம்மஞ்சளாகும். ஆனால் எட்டு பல்பு சேர்ந்தால் 11 ஆம்பியரைத் தாண்டிவிடும், சின்ன டிம்மர்கள் தாங்காது. முதலில் எல்.இ.டி.க்கு மாற்றிவிடுவதே மேல். நீளமான ஃப்ளோரசன்ட் குழல் விளக்கு இருந்தால் அதற்கு டிம்மரே வேண்டாம், விளக்கையே மாற்றுங்கள்.

எல்.இ.டி.யில் இரண்டு ரகம் உண்டு, இங்கேதான் கவனம் தேவை. ஒன்று, சும்மா ரெசிஸ்டர் வைத்தது: மூன்று எல்.இ.டி. வரிசையாக, கூடவே ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். ரீலில் வரும் 12 வோல்ட் ஸ்ட்ரிப் (ஒட்டும் எல்.இ.டி. பட்டை) எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. இது டிம்மருக்கு நன்றாகக் கீழ்ப்படியும். இதன் குறை, மின்னழுத்தம் ஏறினால் வெளிச்சமும் சூடும் ஏறும். ஆர்.வி.யில் 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான்; நிறைந்த லெட் ஆசிட் பேட்டரி 12.7 காட்டும், கேம்ப்கிரவுண்ட் கரன்ட்டில் சொருகினால் அதை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றும் கன்வெர்ட்டர் 13.6 தரும், வேகமாகச் சார்ஜ் செய்யும் நேரத்தில் 14.4 வரை போகும்.

இன்னொரு ரகத்தில் மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சின்ன டிரைவர் உள்ளேயே இருக்கும். பெட்டியில் "10–30 வோல்ட்" என்று போட்டிருந்தால் அது கிட்டத்தட்ட நிச்சயமாக இந்த வகை. பேட்டரி எந்த நிலையில் இருந்தாலும் ஒரே வெளிச்சம் தரும், ஆயுளும் அதிகம், மற்ற எல்லா விதத்திலும் இதுதான் நல்ல பல்பு. ஆனால் டிம்மர் வெளிச்சத்தைக் குறைக்கப் பார்க்கும், டிரைவர் விடாமல் ஈடுகட்டப் பார்க்கும். டிம்மரோடு சேரும் என்று பெட்டியில் தெளிவாகப் போட்டிருந்தால் ஒழிய நம்ப வேண்டாம்.

சந்தேகமாக இருந்தால் மேஜையில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கையில் கிடைக்கும் ஏதாவதொரு மலிவான பி.டபிள்யூ.எம். டிம்மர் இந்தச் சோதனைக்குப் போதும். பேட்டரியிலிருந்து ஒரு 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக டிம்மருக்கு, டிம்மரிலிருந்து ஒரே ஒரு விளக்குக்கு. குமிழை மெதுவாகத் திருப்புங்கள். ரெசிஸ்டர் வகை என்றால் முதல் திருப்பத்திலிருந்தே வெளிச்சம் ஒழுங்காக இறங்கும், கடைசியில் மினுக்கென்று நின்று அணையும். டிரைவர் வகை என்றால் பாதி திருப்பும்வரை ஒன்றுமே நடக்காது, அப்புறம் திடீரென்று துடிக்க ஆரம்பிக்கும், சில சமயம் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வரும், பிறகு பட்டென்று அணைந்துவிடும். இதைப் பார்த்துவிட்டால் எந்த டிம்மர் வாங்கினாலும் இந்தப் பல்பு மங்காது என்று புரிந்துவிடும், பல்பை மாற்ற வேண்டியதுதான்.

பல்பை மாற்றும்போதே நிறத்தையும் பார்த்து வாங்குங்கள். எல்.இ.டி.யை மங்கலாக்கினால் அதன் நிறம் மாறாது; 6000 கெல்வின் வெள்ளை எவ்வளவு இறக்கினாலும் நீலம் கலந்த வெள்ளையாகத்தான் இருக்கும், இரவில் அது எரிச்சல். 2700 அல்லது 3000 கெல்வின் எடுங்கள்.

நெகட்டிவ் எங்கே போகிறது

இதுதான் எல்லோரையும் திணறடிக்கும் இடம், பொறுமையாகப் படியுங்கள்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்ட்ரிப் டிம்மர்களில் நான்கு முனைகள் இருக்கும்: உள்ளே வரும் பாசிட்டிவ், நெகட்டிவ், வெளியே போகும் பாசிட்டிவ், நெகட்டிவ். பார்த்தால் பாசிட்டிவைத்தான் வெட்டுகிறது என்று தோன்றும். உண்மையில் இவற்றில் பெரும்பாலானவற்றில் இரண்டு பாசிட்டிவ் முனைகளும் உள்ளே நேராக இணைந்தே இருக்கின்றன, போட்டு அணைக்கும் வேலை முழுக்க நெகட்டிவ் பக்கம்தான்.

ஆர்.வி.யில் விளக்கு வயரிங் எப்படி இருக்கிறது? ஃபியூஸ் பலகையிலிருந்து பாசிட்டிவ் கிளம்பி சுவிட்சுக்கு வருகிறது, சுவிட்சிலிருந்து விளக்குகளுக்குப் போகிறது. விளக்குகளின் நெகட்டிவ் எல்லாம் கூரைக்குள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்து வேறு வழியாகப் பலகைக்குத் திரும்பிவிடுகிறது, பல வண்டிகளில் வழியில் சேஸியோடும் (வண்டியின் இரும்புச் சட்டம்) இணைகிறது. சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் அங்கே நெகட்டிவ் வயரே இருக்காது. அந்த இடத்தில் நெகட்டிவை வெட்டும் டிம்மரை வைத்து பாசிட்டிவை மட்டும் விளக்குக்குக் கொடுத்தால், விளக்கு தன் பழைய நெகட்டிவ் வழியாகவே முழுதாக எரியும். குமிழை எவ்வளவு திருப்பினாலும் மாற்றம் இருக்காது. டிம்மர் பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்குவார்கள், அதுவும் அப்படியே.

எனவே சுவிட்ச் இருக்கும் இடத்தில் வைக்க உங்களுக்கு வேண்டியது பாசிட்டிவை வெட்டும் டிம்மர். ஆர்.வி.க்கும் படகுக்கும் என்று தனியாக விற்பவற்றில் இது கிடைக்கும். பெரும்பாலும் மூன்று வயர் இருக்கும்: 12 வோல்ட் உள்ளே, விளக்குக்கு வெளியே, ஒரு கிரவுண்ட் (நெகட்டிவ்). விளம்பரத்தை நம்பாமல் கையில் வந்ததும் மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்துச் சோதியுங்கள். எதிலும் இணைக்காத நிலையில், உள் பாசிட்டிவுக்கும் வெளிப் பாசிட்டிவுக்கும் இடையே பீப் வந்தால் அது நெகட்டிவை வெட்டும் வகை. மாறாக இரண்டு நெகட்டிவ்களுக்கும் இடையே பீப் வந்தால் அது உங்களுக்கு ஏற்றது. அரை நிமிட வேலை.

நெகட்டிவை வெட்டும் டிம்மர் ஏற்கெனவே வீட்டில் கிடக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம். சமையல் மேடைக்கு மேல் அலமாரிக்கு அடியில் நீங்களே புதிதாக ஒரு ஸ்ட்ரிப் ஒட்டி, அதற்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு வயரையும் நீங்களே தனியாக இழுத்தால் அங்கே அது கச்சிதமாக வேலை செய்யும். உண்மையில் இரவு வெளிச்சத்துக்கு இந்த ஏற்பாடே பலருக்குப் போதும். கூரை விளக்கைத் தொடவே வேண்டியதில்லை.

ஸ்ட்ரிப்புக்கு எனக்குப் பிடித்த இன்னொரு வழியும் உண்டு. குமிழ் வைத்த பக் கன்வெர்ட்டர் என்ற சின்னப் பலகை. அது போட்டு அணைப்பதில்லை, மின்னழுத்தத்தையே குறைத்துக் கொடுக்கும். 12 வோல்ட் ஸ்ட்ரிப் எட்டு எட்டரை வோல்ட்டில் லேசாக எரியத் தொடங்கும், அங்கிருந்து மேலே முழு வெளிச்சம்வரை சீராக ஏற்றலாம். துடிப்பே இல்லை. சாதாரண பக் கன்வெர்ட்டர்களில் நெகட்டிவ் இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பதால் மேலே சொன்ன சிக்கலும் வராது. உச்ச வெளிச்சம் துளி குறையும், அது ஒரு பொருட்டில்லை. ஆனால் டிரைவர் வைத்த பல்புகளை இது அசைக்காது.

சரி, வேலையைத் தொடங்கலாம்

ஆரம்பிக்கும் முன் மின்சாரத்தை முழுதாக நிறுத்த வேண்டும், இதில் ஒரு வரிசை உண்டு. சோலார் இருந்தால் முதலில் பேனல் இணைப்பைத் துண்டியுங்கள், ஏனென்றால் பேனல் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைக் கழற்றினால் சில சார்ஜ் கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகும். அப்புறம் வெளிக் கரன்ட் கேபிளை உருவுங்கள். இதைப் பலர் மறக்கிறார்கள்: பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் கேபிள் சொருகியிருந்தால் கன்வெர்ட்டர் 12 வோல்ட் தந்துகொண்டேதான் இருக்கும். கடைசியில் பேட்டரியின் நெகட்டிவ். இந்த நேரத்தில் கேஸ் டிடெக்டரும் அணைந்திருக்கும் என்பதால் சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அடுத்தது வயர் நிறம். இந்தியாவில் பழைய வயரிங் பார்த்துப் பழகியவர்களுக்குக் கறுப்பு என்றால் நியூட்ரல். கார் வேலை தெரிந்தவர்களுக்குக் கறுப்பு என்றால் நெகட்டிவ். அமெரிக்க ஆர்.வி.க்களிலோ 120 வோல்ட் பக்கம் கறுப்புதான் கரன்ட் உள்ள வயர், வெள்ளை நியூட்ரல். 12 வோல்ட் பக்கத்திலும் பல தயாரிப்பாளர்கள் வெள்ளையை நெகட்டிவாகவும் கறுப்பையோ வேறொரு நிறத்தையோ பாசிட்டிவாகவும் போடுகிறார்கள். ஆகவே நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சுவிட்ச் பெட்டியைத் திறந்தபின் கொஞ்ச நேரத்துக்கு மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து, எதையும் கையால் தொடாமல், மல்டிமீட்டரை முதலில் ஏ.சி.யில் வைத்துப் பாருங்கள். 120 ஏதாவது தெரிந்தால் அந்தப் பெட்டியை மூடிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏ.சி. இல்லை என்று உறுதியானால் டி.சி.க்கு மாற்றி, எது எப்போதும் உயிரோடு இருக்கும் வயர், எது சுவிட்ச் போட்டால் மட்டும் உயிர் பெறும் வயர் என்று பார்த்து டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மறுபடி மின்சாரத்தை நிறுத்துங்கள்.

டிம்மர் போக வேண்டிய இடம் சுவிட்சுக்கும் விளக்குக்கும் நடுவில், அதாவது சுவிட்ச் போட்டால் மட்டும் உயிர் பெறும் அந்த வயரில். ஃபியூஸ் பலகையிலேயே வைத்தால் வேலை எளிது என்று தோன்றும், செய்யாதீர்கள். அதே ஃபியூஸில் பாத்ரூம் ஃபேன், அடுப்பு மேல் புகைபோக்கி, யு.எஸ்.பி. சாக்கெட் எல்லாம் இருக்கலாம். மோட்டாருக்கு பி.டபிள்யூ.எம். கொடுத்தால் ஊளையிடும், சாக்கெட்டுக்குக் கொடுத்தால் போன் சார்ஜர் குழம்பும்.

எவ்வளவு ஆம்பியர் டிம்மர்? கணக்கு எளிது. எட்டு விளக்கு, ஒவ்வொன்றும் 3 வாட் என்றால் 24 வாட், 12ஆல் வகுத்தால் 2 ஆம்பியர். 5 ஆம்பியர் டிம்மர் தாராளம். ஸ்ட்ரிப் என்றால் ஜாக்கிரதை: மீட்டருக்கு 14.4 வாட் வகையில் ஐந்து மீட்டர் முழு ரீல் ஒட்டினால் 72 வாட், 6 ஆம்பியர். பெட்டியில் எழுதியிருக்கும் அளவில் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பது என் வழக்கம், மலிவு சரக்கு சொன்ன அளவைத் தாங்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அப்புறம் ஃபியூஸ். பலகையில் இருக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான், 5 ஆம்பியர் டிம்மர் கருகும்வரை அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே டிம்மருக்கு முன்னால் அதன் அளவைத் தாண்டாத தனி ஃபியூஸ் ஒன்று வயரிலேயே போடுங்கள்.

டிம்மரின் கிரவுண்ட் வயரை இணைக்க சுவிட்ச் பெட்டியில் நெகட்டிவ் இருக்காது என்று சொன்னேன். பக்கத்தில் இருக்கும் விளக்கைக் கழற்றுங்கள். வட்ட விளக்குகள் பெரும்பாலும் இரண்டு ஸ்பிரிங் பிடிகளில் நிற்கும், ஓரத்தில் மெல்லிய தகடு ஒன்றைச் சொருகி நெம்பினால் கீழே இறங்கும், இரண்டு வயர் தொங்கும். அங்கிருக்கும் நெகட்டிவோடு சேர்த்து ஒரு மெல்லிய வயரைச் சுவிட்ச் வரை இழுத்துவிடுங்கள். டிம்மர் தனக்காக எடுக்கும் மின்சாரம் மட்டுமே அதில் போகும் என்பதால் 18 கேஜ் போதும்.

இணைப்புகள் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். வண்டி ஓடும்போது எல்லாம் அதிரும். வீட்டு வேலையில் போடும் முறுக்குத் தொப்பிகள் நாளடைவில் தளர்ந்துவிடும், டேப் சுற்றினால் கோடை வெயிலில் பசை இளகி வழியும். கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வயரைச் சொருகி இடுக்கியால் நசுக்கி) சூட்டில் சுருங்கும் உறை போடுங்கள், அல்லது நெம்புகோல் வைத்த வயர் கனெக்டர்கள் பயன்படுத்துங்கள். கிரிம்ப் செய்தபின் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் இணைத்து, சுவிட்சைத் திருகி மூடும் முன்பே மின்சாரம் கொடுத்துச் சோதியுங்கள். டிம்மரைப் பாதி வெளிச்சத்தில் அரை மணி நேரம் விட்டுவிட்டுத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. போன் கேமராவில் ஸ்லோ மோஷன் வைத்து விளக்கைப் பாருங்கள். திரையில் பட்டை பட்டையாகத் துடிப்பது தெரியும். பி.டபிள்யூ.எம்.மில் இது ஓரளவு இருக்கத்தான் செய்யும், ஆனால் 200 ஹெர்ட்ஸ் போன்ற குறைந்த வேகத்தில் ஓடும் டிம்மர் சிலருக்குத் தலைவலி தரும். வாங்கும்போதே ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் என்று குறிப்பிட்டிருப்பதைத் தேடுங்கள். ரேடியோவையும் டி.வி. ஆன்டெனாவையும் போட்டுப் பாருங்கள், டிம்மரால் இரைச்சல் வந்தால் வயர்களைக் குட்டையாக வெட்டி ஒன்றோடொன்று முறுக்கி, ஒரு ஃபெரைட் வளையத்தை மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். டிம்மரை முழுதாக ஏற்றியபோதும் விளக்கு நடுங்கினால் குற்றம் டிம்மரில் இல்லாமல் இருக்கலாம். பேட்டரி இல்லாமல் பழைய கன்வெர்ட்டரில் மட்டும் ஓடும் வண்டிகளில் மின்சாரமே அலைந்துகொண்டிருக்கும்.

முக்கியமாக, குமிழைக் கடைசி வரை இறக்கிப் பாருங்கள். நம் கண் வெளிச்சத்தை நேர்க்கோட்டில் அளப்பதில்லை. பாதிக்கு இறக்கினால் குறைந்ததே சரியாகத் தெரியாது, இரவில் நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போவது ஐந்திலிருந்து பத்து சதவிகிதத்துக்குள். அந்த அடிமட்டத்தில் சீராக நிற்காத டிம்மரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மேலே எவ்வளவு அழகாக வேலை செய்தாலும் பயனில்லை. யூட்டாவில் நேச்சுரல் பிரிட்ஜஸ் 2007இல் உலகின் முதல் சர்வதேச இருண்ட வானப் பூங்கா (நட்சத்திரங்கள் தெரிய இரவில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடம்) ஆனதிலிருந்து அப்படிப்பட்ட இடங்கள் பெருகிக்கொண்டே வருகின்றன. வானத்தைப் பார்க்க வந்தவர்கள் பக்கத்தில் இருக்கும்போது உங்கள் ஜன்னல் வழியாகக் கசியும் வெளிச்சம் அவர்களுடைய இரவையே கெடுத்துவிடும், அங்கே இந்த ஐந்து சதவிகிதம் பெரிய உதவி.

பேட்டரி மிச்சமாகுமா என்று கேட்பார்கள். ஆகும், ஆனால் அதற்காகச் செய்யாதீர்கள். 2 ஆம்பியர் விளக்கு நான்கு மணி நேரம் எரிந்தால் 8 ஆம்பியர்-மணி, இருபது சதவிகிதத்தில் வைத்தால் 1.6. ஹீட்டர் ஃபேன் ஓடினால் அது மட்டுமே 7 ஆம்பியர் அளவில் இழுக்கும், குளிர் இரவில் விளக்கில் மிச்சம் பிடித்தது எங்கே போனது என்றே தெரியாது.

வயரைத் தொடவே விருப்பமில்லை என்றால் இரண்டு எளிய வழிகள். தொட்டால் மங்கும் வசதி உள்ளேயே இருக்கும் கூரை விளக்குகள் கிடைக்கின்றன. கட்டிலுக்கு மேல் ஒன்று, மேஜைக்கு மேல் ஒன்று என்று இரண்டை மட்டும் மாற்றுங்கள். இரண்டு பல்பு உள்ள பழைய நீள்சதுர விளக்கில் ஒவ்வொரு பல்புக்கும் தனி சுவிட்ச் இருந்தால், ஒரு பக்கம் நல்ல வெளிச்சப் பல்பும் மறுபக்கம் இருப்பதிலேயே குறைந்த வாட் மஞ்சள் பல்பும் போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது. தொடுதிரையில் விளக்கு போடும் புதிய வண்டிகளில் சுவர் சுவிட்ச் வெறும் சைகையைத்தான் அனுப்புகிறது, விளக்கின் மின்னோட்டம் அந்த வழியாகப் போவதே இல்லை. அங்கே எதையும் நடுவில் சொருகாதீர்கள். பொத்தானை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், பலவற்றில் மங்கலாக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது.

ரிமோட் வைத்த டிம்மர் வாங்கியிருந்தால் அது விளக்கு அணைந்திருக்கும்போதும் ரிமோட்டுக்காகக் காத்திருந்து சில மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கும். 10 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 0.24 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 7க்கு மேல். சுவிட்சுக்கு அப்புறம் மாட்டியிருந்தால் சுவிட்சை அணைத்தாலே போதும். நேரடியாக இணைத்திருந்தால் குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தும்போது பேட்டரி துண்டிப்பு சுவிட்சை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.